கல்யாணத்துக்கு நீ கேட்ட பூச்சு

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. இன்று சனிக்கிழமை. நாலு நாளாக மைக்கூட்டைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தேன். முதலில் நீ கேட்டதற்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன், மீதியை ஆற அமரப் படித்துக்கொள். ஆறு வயதில் உனக்கு முகத்தில் பூசிவிட்டேனே, அந்தப் பழுப்புப் பூச்சு, அதன் பக்குவத்தை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அனுப்ப மாட்டேன். துத்தநாகப் பொடியில் காவியைக் குழைத்துப் பார்த்தாயாம், ஒரு மணி நேரத்தில் வேர்வையில் வழிந்துவிடுகிறதாம். 'நீ வேறு என்ன சேர்த்தாய் அம்மா? இங்கே விசாகப்பட்டினத்துப் பெயிண்ட் கடைக்காரன் இன்னொரு வெள்ளை இருக்கிறது, நன்றாக ஒட்டும் என்கிறான், வாங்கட்டுமா?' என்று கேட்டிருக்கிறாய். ஐயோ ராசா, வாங்காதே. வாங்கிவிட்டாயானால் தொடாதே. தொட்டுவிட்டாயானால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, முகத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து படி. அவன் சொல்லும் வெள்ளைக்குப் பெயர் சபேதா. ஈயத்திலிருந்து செய்வது. கப்பலுக்கும் கதவுக்கும் பூசுவது.

எதற்காகக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நிச்சயதார்த்தத்தன்று எஸ்தரின் அத்தைக்காரி, "மாப்பிள்ளை பக்கத்துல நின்னா நம்ம பொண்ணு கரிக்கட்டையாட்டம் தெரிவாளே" என்று சொன்னது உன் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கே உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அந்தப் பொம்பளைக்கு நாக்கில் எலும்பே கிடையாது, போகட்டும். வைகாசியில் கோயிலில் நிற்கும்போதும், ஸ்டுடியோவில் படம் எடுக்கும்போதும் எல்லார் மாதிரியும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். 'அந்த மூணு மாசம்தான் அம்மா நான் மனுஷன் மாதிரி தெருவில் நடந்தேன்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத்தான் நாலு நாளாகத் தாண்ட முடியவில்லை. அந்த மூன்று மாதத்தைப் பற்றி உனக்குச் சொல்லப்பட்டதில் பாதி பொய். பொய் சொன்னவள் நான். அதைச் சொல்லாமல் உன்னை மணவறைக்கு அனுப்பினால் நான் தாயே இல்லை.

நீ பிறந்தபோது தலைமயிர் முதல் கால் நகம் வரை வெளுப்பு. கண்ணிமை கூட வெள்ளை. மருத்துவச்சி உன்னைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் இப்படி ஒரு பிள்ளையை நான் கண்டதில்லை. உன் அப்பாதான், துறைமுகத்தில் எத்தனையோ தேசத்து மனிதரைப் பார்த்தவர் ஆயிற்றே, "நிறம் வர மறந்துட்டான், அவ்வளவுதானே, மூக்கும் முழியும் என்னை மாதிரி இருக்கு பார்" என்று சிரித்தார். ராயபுரத்து வெயில் சிரிக்கவில்லை. நீ தவழ ஆரம்பித்த மாதமே வாசலில் பத்து நிமிடம் இருந்ததற்குத் தோளெல்லாம் கொப்புளம். அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் வாங்கிப் பூசினேன். தேங்காயெண்ணெய் தேய்த்தால் சூடு தாக்காது என்றார்கள். தேய்த்து வெளியே விட்டேன், வடை மாதிரிப் பொரிந்துபோனாய். சந்தனம் குளிர்ச்சியாக இருந்ததே தவிர வெயிலைத் தடுக்கவில்லை. எலுமிச்சம்பழச் சாறு ஒரு மகராசி சொன்ன யோசனை. அதைப் பூசி வெயிலில் நின்றதும் பட்ட இடமெல்லாம் சிவந்து புண்ணாயிற்று. யானைக்கவுனிக்குப் போய் கண்ணாடிப் புட்டியில் ஒரு ஸ்நோ வாங்கி வந்தேன். நம் தெருமுனை மருந்துக் கடைக் கம்பவுண்டர் அதை மோந்து பார்த்துவிட்டு, "இதுல பாதரசம் இருக்கும்மா, மேனி வெளுக்கறதுக்குப் போடறது. உன் புள்ள இன்னும் எவ்ளோ வெளுக்கணும்?" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தேன்.

வழி காட்டியவர் தனபால் மாமா. அடுத்த போர்ஷனில் இருந்தாரே, கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கும் கும்பலுக்குத் தண்டல், மேஸ்திரி மாதிரி. கப்பலின் பக்கவாட்டில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் அவர்கள். தண்ணீரின் பளபளப்பும் மேல் வெயிலும் சேர்ந்து மூக்குத் தோலை உரிக்கும். அதற்காகத் துத்தநாகப் பொடியை எண்ணெயில் குழைத்து மூக்கிலும் கன்னத்திலும் அப்பிக்கொள்வார்கள். "யக்கா, எங்க பசங்க பத்து வருஷமா பூசிகினு கீறானுங்க, ஒண்ணும் ஆவல. புள்ளைக்குப் பூசு" என்றார். கல்மண்டபத்தில் இப்ராகிம் பாயின் பெயிண்ட் கடையில் வாங்கி, அம்மியில் நைய அரைத்து, நல்லெண்ணெயில் குழைத்துப் பூசினேன். முதல் தடவையாக நீ ஒரு மத்தியானம் முழுக்க வாசலில் விளையாடிவிட்டுச் சிவக்காமல் வந்தாய். அன்றைக்கு நான் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினேன். யுத்த காலத்தில் கப்பல்காரன் ஒருவன் தனபால் மாமாவுக்குச் சிவப்பாக ஒரு களிம்பு டப்பா கொடுத்தான், பட்டாளத்துக்காரர்கள் பூசுவதாம். அதுவும் வெயிலைத் தாங்கியது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பிசுபிசுவென்று ஒட்டி, தெருப் புழுதி பூராவும் உன் மூஞ்சியில் வந்து உட்கார்ந்தது. டப்பா தீர்ந்தது, விட்டுவிட்டோம். துத்தநாகமே போதுமாக இருந்தது. அங்கேயே நின்றிருக்க வேண்டும் நான்.

உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். வெள்ளை முகத்தில் வெள்ளைப் பூச்சோடு போன முதல் நாளே "தொரை வர்றான், சுண்ணாம்பு வர்றான்" என்று தெருவே கூடவே வந்தது. நீ அழவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர்த் தொட்டியில் முகத்தைக் கழுவிவிட்டு, "பூசலைன்னா சுடுது, பூசினா சிரிக்கிறாங்க" என்று மட்டும் சொன்னாய். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்த பிள்ளைகள் மேல் அல்ல, சொல்லிவிடுகிறேன், உன் மேல்தான். ஏன் இப்படிப் பிறந்தாய் என்று. தண்ணீர்க் குழாயடியில் மற்றப் பெண்கள் என் பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை எனக்கு ஆகவில்லை. பூச்சில் காவிக்கல்லை உரைத்து, துளி விளக்குக் கரியும் சேர்த்தால் அசல் உன் அப்பா நிறம் வந்தது. ஆனால் துத்தநாகத்தில் அது நிற்கவில்லை. நீ இப்போது பார்த்தாயே, அதே மாதிரி ஒரு மணி நேரத்தில் வழிந்து திட்டுத்திட்டாகி, முன்பைவிடக் கேவலமாக இருந்தது.

சபேதா இறுகப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். பெயிண்ட் அடிக்கிறவர்கள் நடுவில் குடியிருந்தவளுக்கு இது தெரியாதா? பாய் கடைக்குப் போனேன். "சபேதா கொடுங்க பாய்" என்றேன். அவர் தராசை எடுக்காமல் என்னையே பார்த்தார். "இன்னாத்துக்கும்மா? புள்ளைக்குன்னா வேணாம். ஈயம் அது. பார்க்க ரெண்டும் ஒரே மாவாட்டம்தான் கீது, வேல வேற." நான் கூசாமல், "பிள்ளைக்கு யார் கேட்டா? ஜன்னலுக்கு அடிக்கணும்" என்றேன். கொடுத்தார். யுத்தத் தட்டுப்பாட்டில் துத்தநாகத்துக்குப் பதில் இதைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு ஊரெல்லாம் சொன்னேனே, அதுவும் பொய். அவர் கடையில் துத்தநாகம் மூட்டையாக இருந்தது.

தெரியாமல் செய்தேன் என்று நீ என்னை மன்னிக்கப் பார்ப்பாய், உன் குணம் அது. அதற்கு இடம் கொடுக்காமல் இதையும் எழுதிவிடுகிறேன். உன் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போவேன் அல்லவா, சனிக்கிழமைகளில் தனபால் மாமா தன் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருத்தன் கீழுதட்டையும் இழுத்துப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். பல் ஓரத்தில், ஈறில், நீலமாக ஒரு கோடு விழுந்திருந்தால் உடம்பில் ஈயம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அவனைப் பழைய பெயிண்ட் சுரண்டுகிற வேலையிலிருந்து எடுத்து வேறு வேலைக்கு மாற்றிவிடுவார். மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று அவரைக் கேலி செய்தவள் நான். அவர்கள் வருஷக்கணக்காகச் சுரண்டுகிறார்கள், அந்தத் தூசியை விழுங்குகிறார்கள், என் பிள்ளைக்குக் கன்னத்தில் கொஞ்சம், சாயந்தரம் கழுவிவிட்டால் போச்சு, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பூச்சு பிரமாதமாக ஒட்டியது. காலையில் பூசினால் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அப்படியே இருந்தது. உன்னைத் தெரியாதவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நீ பம்பரம் விட்டாய், மரத்தில் ஏறினாய், கடலோரம் ஓடினாய். உதடு வெளுப்பாகத் தெரிகிறதே என்று உதட்டுக்கும் பூசினேன். நீ நாக்கால் நக்கிவிட்டு, "இனிக்குதும்மா" என்றாய். "அம்மா கை பட்டால் இனிக்காமல் என்ன செய்யும்" என்று உன் கன்னத்தைக் கிள்ளினேன். ஈயம் இனிக்கும் என்று பிறகுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மூன்றாவது மாதம் வயிற்று வலி என்று சுருண்டு சுருண்டு படுத்தாய். கொட்டைப் பாக்கு மாதிரி வயிறு இறுகிப்போய்விட்டது. ஓமத் தண்ணீர் கொடுத்தேன், பேதிக்குக் கொடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. சோறு பிசையும் உன் வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. "ஏன்டா விளையாடுற" என்று அந்தக் கையிலேயே ஒரு அடி போட்டேன், கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். அப்போது தனபால் மாமா வாசலோடு போனவர் உள்ளே எட்டிப் பார்த்தார். உன் கையைப் பார்த்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் வந்து, உன் தாடையைப் பிடித்துக் கீழுதட்டை இழுத்தார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததே இல்லை. "யக்கா, இன்னா பூசின புள்ளைக்கு? நம்ம ஆளுங்களுக்கு வர்ற கோடு, இவனுக்கு எப்டி வந்துது?" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். பால் பல்லின் அடியில் நீலக் கோடு. மூன்று மாதம் தினமும் அந்த வாய்க்குச் சோறு ஊட்டியிருக்கிறேன், உதட்டை இழுத்து ஒருநாள் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்தாய். பிழைத்தாய். வயிறு சரியாயிற்று, சோகை தெளிந்தது. கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. அதனால்தான் நீ இடது கையால் எழுதுகிறாய், வலது கையால் ஒரு முடிச்சை இறுக்க இன்றும் சிரமப்படுகிறாய். உன் அப்பா என்னைக் கேட்டார். "துத்தநாகம்தான் கேட்டேன், பாய் மாற்றிக் கொடுத்துட்டார் போல" என்றேன். ஒரே ஒரு வாக்கியம், ராசா. பூச்சு நல்லதுதான், கடைசியில் பொடி மாறியதுதான் கெடுதல் என்று நீ இன்றுவரை நம்புவது அதனால்தான். அவர் நேரே கல்மண்டபத்துக்குப் போனார், பின்னாலேயே நானும் ஓடினேன். கடை முன்னால் ஆள் கூட, வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். கொலைகாரன் என்றார். பாய் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். 'உன் சம்சாரம் ஜன்னலுக்குன்னு சொல்லித்தானே வாங்கினாள்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை. "தப்பு நடந்துபோச்சு அண்ணே, பொறுத்துக்கோங்க" என்றார். பொடி மாற்றிக் கொடுத்த பாய் என்று அந்தக் கடைக்குப் பேர் வந்தது அப்படித்தான். பதினாறு வருடம் நான் அந்தப் பக்கம் நடக்கவில்லை, எதிர்ச்சாரியில் முக்காடு போட்டுக்கொண்டு போனேன். உன் அப்பா சாகும்வரை அவரைத் திட்டினார். கட்டிலில் கிடந்தபோதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பாவம் இனித் தீராது.

புதன்கிழமை கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். தாடி முழுக்க நரைத்துவிட்டது, பார்வையும் மங்கல். "யாரும்மா?" என்றார். சொன்னேன். கடைப் பலகையைக் கையால் துடைத்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலுக்கு என்று சொன்னது பொய், பழியைத் தூக்கி உங்கள் தலையில் போட்டது நான் என்று சொல்லி அழுதேன். அவர் சொன்னார்: "அழாதம்மா. நீ ஜன்னலுக்குன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். உன் வூட்ல கீறதே ஒரே ஜன்னலு, அதுவும் பச்ச பெயிண்ட்டு. என் கடைல வாங்குனதுதான். நீ புள்ளைக்குத்தான் பூசப் போறேன்னு தெரிஞ்சே மடிச்சுக் குடுத்தேன். பொம்பள கேக்கறா, நமக்கின்னான்னு. அப்பால எந்த மூஞ்ச வச்சிகினு வாயத் தொறக்கறது?" எனக்கு ஒரு நிமிடம் அவர் மேல் கோபம் பொங்கியது. மறு நிமிடம் அடங்கிவிட்டது. யாரை யார் கோபிப்பது? விற்றவருக்கும் தெரியும், வாங்கியவளுக்கும் தெரியும். நடுவில் உன் கை போயிற்று. "புள்ள கை இப்போ எப்டி கீது?" என்று கேட்டார். பத்திரிகையைக் கொடுத்தேன். நீ அவரைத் தப்பாகவே நினைத்து வளர்ந்தாய். கோயிலில் முன்வரிசையில், உன் அப்பா உட்கார வேண்டிய இடத்தில் அவரை உட்காரச் சொல்லியிருக்கிறேன். நீயும் ஒரு வார்த்தை அவருக்கு எழுது.

துத்தநாகம் வாங்கலாமா என்று அவரிடமே கேட்டேன். கையை ஆட்டினார். "என் கடைல வேணாம். பெயிண்ட்டுக்கு வர்ற துத்தநாகத்துலயும் ஈயம் கலந்து வரும், கண்ணுக்குத் தெரியாது. மருந்துக் கடைல மருந்துக்குன்னு கீறதையே வாங்கு." உனக்கும் அதையே சொல்கிறேன். இப்போது சீமையிலிருந்து புதுப்புதுக் களிம்பெல்லாம் வருகிறது, வெள்ளையாகத் தெரியாது, பூசினதே தெரியாது என்று நீ எழுதியிருந்தாய். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரியாததை நல்லது என்றும் சொல்ல மாட்டேன், கெட்டது என்றும் சொல்ல மாட்டேன். டாக்டரைக் கேள். முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பார். அரித்தால் தூக்கிப் போடு. எதுவானாலும் வாய்ப்பக்கம் போகவிடாதே. முழுக்கைச் சட்டையும் குடையும் தொப்பியும் எந்தக் களிம்பைவிடவும் மேல், அதில் கலப்படம் கிடையாது. எல்லாவற்றையும்விட, ஒன்றைப் பூசும் முன் உன்னையே ஒரு கேள்வி கேள்: இது வெயிலுக்கா, ஊருக்கா? துத்தநாகம் பூசியவரை நான் உன்னை வெயிலிலிருந்து மறைத்தேன். சபேதா பூசிய அன்று உன்னைத் தெருவிலிருந்து மறைத்தேன். அதுவும் உனக்காக அல்ல, எனக்காக.

எஸ்தரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்து அவர்கள் திருவொற்றியூருக்குக் கிளம்பும்போது அவள் அடுப்படிக்கு வந்து, "அத்தை, அவருக்கு மத்தியான வெயில் ஆகாதாமே, கோயில்ல கல்யாணத்தைக் காலைல ஏழு மணிக்கே வச்சுக்கலாமான்னு எங்கப்பாவைக் கேட்கச் சொல்லட்டுமா?" என்றாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளாகவே விசாரித்திருக்கிறாள். அந்தப் பெண் பார்த்துச் சரி என்றது உன்னை. படம் எடுக்கிற நேரத்தில் பழுப்பாக வேறொருத்தனைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நிறுத்தாதே. தாலி முடியும்போது வலது கை ஒத்துழைக்காது, முடிச்சு தளர்ந்து நிற்கும், எனக்குத் தெரியும். மெதுவாகப் போடு, அவள் காத்திருப்பாள்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டு எழுதவில்லை. கோபம் வந்தால் வரட்டும், ஒரு மாதம் கடிதம் போடாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வராத காரணம் ஒன்று இருக்கிறது. அந்தக் கடைக்காரனிடம் கேட்டதாகத்தான் எழுதியிருக்கிறாய், வாங்கவில்லை என்று எழுதவில்லை. இப்போதே கண்ணாடி முன்னால் போய், கீழுதட்டை இழுத்து, பல் ஓரத்தைப் பார்த்து, உண்மையை ஒரு கார்டில் எழுதிப் போடு. கல்யாணத்துக்கு வந்து சென்ட்ரலில் இறங்கும்போது நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். காலில் விழ வேண்டாம், கட்டிப்பிடிக்க வேண்டாம், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதலில் வாயைத் திற. ஊர் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். இந்தத் தடவை நான் பார்த்துவிட்டுத்தான் உன்னை வீட்டுக்குக் கூட்டிப்போவேன்.

அம்மா